பணியாளர் கிளையில் நாற்பத்து மூன்று பெயர்கள்

2004 ஏப்ரல் 12. மாதச் சம்பளம் 3,200.
2009 ஜூலை 1. 7,450.
2014 ஜனவரி 1. 14,000.
2018 மார்ச் 1. 21,600.
2018 நவம்பர் 9. பாதிச் சம்பளம், 10,800.
2019 பிப்ரவரி 4. சம்பளம் இல்லை.

மேலே உள்ளது ஒரு பெண்ணின் பதினைந்து வருடத்து உத்தியோகம். மருத்துவப் பஞ்சையும் கட்டுத்துணியையும் உறையிட்டு அனுப்பும் ஒரு கம்பெனியில், மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அதில் பெரும்பகுதி கழிந்தது. அந்த அறையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. அவற்றுக்குச் சூடு ஆகாது என்று ஓர் ஏசி போட்டிருந்தார்கள். வெயில் காலத்தில் மற்ற அறைக்காரர்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே வந்து நிற்பார்கள். "என்ன வேணும்?" என்று அவர் கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா, சர்வர் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போகலாம்னு" என்பார்கள்.

கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கிளையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு லாகின் வேண்டும் என்று யார் போன் செய்தாலும், அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிளையில?" என்பதுதான். அதனால் வந்த பெயர்.

கம்பெனியின் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சர்வரில் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவுகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் டைரக்டரி என்பார்கள். அது மரம்போல் கிளைகிளையாகப் பிரியும். ஒருவரை எந்தக் கிளையில் வைக்கிறோமோ அந்தக் கிளையின் விதிகள் அவருக்குத் தாமாகவே வந்து சேரும். எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த பிரிண்டரில் அச்செடுக்கலாம், பாஸ்வேர்டை எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த விதிகளில் அடங்கும். தவறான கிளையில் வைத்தால், கிடங்கில் இருப்பவர் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்ப்பார், சம்பளம் போடுபவரால் தன் சொந்தக் கோப்பைக்கூடத் திறக்க முடியாது.

கிளையக்கா கிடங்கில் பதிவு எழுதும் வேலைக்குத்தான் சேர்ந்தார். சர்வரை நிறுவிய பொறியாளர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட, "நீங்கதான் கம்ப்யூட்டர்ல நல்லா டைப் பண்றீங்களே" என்று அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள். திறந்து பார்த்தால் ஆட்களும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒரே கூடையில் கொட்டிக் கிடந்தன. போன பொறியாளர் கம்ப்யூட்டர்களுக்கு மிருகங்களின் பெயரை வைத்திருந்தார். சிங்கம், புலி, யானை என்று கம்பீரமாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். போகப் போக மிருகங்கள் தீர்ந்துவிட்டன போலும். கணக்கு மேலாளர் மேஜையில் இருந்தது கழுதை. அவர் அனுப்பும் ஒவ்வொரு அச்சுத்தாளின் மூலையிலும் 'அனுப்பியது: கழுதை' என்று விழும். நான்கு வருடம் அது யாரோ தனக்கு வேண்டாதவர் செய்த வேலை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கிளையக்கா அறை அறையாக நடந்தார். மேஜைக்கு அடியில் தவழ்ந்து ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் குறித்தார். பெட்டிகளுக்கு அவை இருக்கும் அறையை வைத்துப் பெயரிட்டு ஒரு பெருங்கிளையில் வைத்தார். தராசு, பிரிண்டர், பார்கோடு படிக்கும் கருவி எல்லாம் 'கருவிகள்' என்ற கிளைக்குப் போயின. ஆட்களுக்குத் தனியாக 'பணியாளர்' என்று ஒரு பெருங்கிளை. வேலையை விட்டுப் போனவர்களை உடனே அழிக்காமல், லாகினை மட்டும் முடக்கி, 'விலகியோர்' என்ற கிளையில் வைத்தார். ஆளும் பெட்டியும் ஒரே கிளையில் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

பதவியைப் பார்த்து யாரையும் எங்கேயும் வைப்பதில்லை என்பது இரண்டாவது. அதற்குத்தான் சண்டை வந்தது. குரூப் போட்டோவில் நடுநாற்காலிக்கு அடித்துக்கொள்வதுபோல மேலாளர்கள் மாடியேறி வந்தார்கள்.

"என் பேரு ஏன் சேல்ஸ் மேனேஜர் பேருக்குக் கீழ இருக்கு?" என்றார் கணக்கு மேலாளர்.

"அது அகர வரிசை சார்."

"வரிசையை மாத்துங்க."

"நான் போட்ட வரிசையா இருந்தா மாத்திடுவேன் சார். எழுத்தைக் கண்டுபிடிச்சவங்க போட்டது."

கழுதையிலிருந்து தன்னை மீட்டவர் என்ற நன்றி இருந்ததால் அவர் அதற்குமேல் பேசவில்லை.

இத்தனை ஒழுங்குக்கு நடுவில் ஒன்று மட்டும் செருப்பில் புகுந்த கல்போல உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே உறையிடும் கூடத்தில் ஆறு லைன்கள். ஒவ்வொரு லைனிலும் ஏழெட்டுப் பெண்கள் எடை போட்டு, உறையிட்டு, தொகுதி எண்ணையும் கிருமிநீக்கத் தேதியையும் கம்ப்யூட்டரில் பதிவார்கள். அவர்களில் யாருக்கும் சொந்த லாகின் கிடையாது. லைனுக்கு ஒன்று: பேக்கிங்-1, பேக்கிங்-2. பாஸ்வேர்டைக் கட்டுப்போடும் பிளாஸ்திரியில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெண்கள் ஒரு காண்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். சிலர் கிளையக்காவுக்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறார்கள். ஆனாலும் அவர்கள் 'வந்தவர்கள்'தான்.

2016இல் ஒரு தொகுதிக் கட்டுத்துணி தவறான தேதியோடு போய்ச் சேர்ந்து, அத்தனை பெட்டிகளும் திரும்பி வந்தன. மனிதவள மேலாளர் மாடியேறி வந்தார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துவிடும். அதனால் கூடத்தில் அவருக்குச் சிரிச்சமுகம் என்று பெயர். சாதாரண நாளில் 'ம்மா' என்பார். 'மேடம்' என்று ஆரம்பித்தால் ஆபத்து.

"மேடம், நாலாம் லைன்ல அன்னிக்கு அந்தத் தேதியைப் போட்டது யாரு?"

"பேக்கிங்-4."

"அது யாரு?"

"அது ஆள் இல்ல சார். ஒரு பெட்டி, ஏழு பேர்."

"ஏழுல யாரு?"

"தெரியாது. தெரியாத மாதிரிதானே வச்சிருக்கோம்."

தெரியாவிட்டால் என்ன, ஓர் ஆள் வேண்டும். ஏழு பேரில் வாயே திறக்காத ஒருத்தி இருந்தாள். கூட நிற்பவர்கள் அவளை அமைதி என்பார்கள். அவளைப் பிடித்தார்கள். அன்று மாலையே சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே அனுப்பினார்கள். கேட்டில் நின்று காவலாளியிடம், "நான் போடலைன்னு யார்கிட்டங்க சொல்லணும்?" என்று கேட்டாளாம். காவலாளிக்குத் தெரியவில்லை. மாடியில் இருந்த கிளையக்காவுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய கணவர், "ஏம்மா, சர்வர் படுத்துருச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர்கள் தணிக்கைக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் பிளாஸ்திரியைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்கள். உடனே உத்தரவு வந்தது. கூடத்தில் பதிவு செய்யும் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், சொந்தப் பெயரில். யார் எதைப் பதிந்தார் என்று தெரிய வேண்டும்.

கிளையக்கா அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். கூடத்துக்கு இறங்கி, ஒவ்வொரு பெண்ணிடமும் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, நாற்பத்து மூன்று பெயர்களைப் பணியாளர் என்னும் பெருங்கிளையில், பேக்கிங் என்ற சிறு கிளை பிரித்து, அதில் வைத்தார். வேறு எங்கே வைப்பது? ஆள் என்றால் அந்தப் பக்கம், பெட்டி என்றால் இந்தப் பக்கம். மூன்றாவது பக்கம் அவர் மரத்தில் கிடையாது. எங்கே வைத்தார் என்று யாரும் கேட்கவும் இல்லை.

நாலாம் லைனில் மூத்தவர் நெட்டை. வாசல்படிகளில் குனிந்து குனிந்தே பழகியவர். கிளையக்காவைவிட எட்டு வயது பெரியவர், ஆனாலும் அவரை அக்கா என்பார். கிளையக்காவும் அவரை அக்கா என்பார். யாருக்கு யார் அக்கா என்பது கடைசிவரை தீரவில்லை.

"பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லக் கூடாதாமே? வீட்டுக்காரருக்கும் கூடாதா?" என்றார் நெட்டை.

"அவருக்குத்தான் முதல்ல சொல்லக் கூடாது."

"அப்பாடா. இருபது வருஷத்துல அந்த மனுஷனுக்குத் தெரியாம எனக்குன்னு ஒண்ணு கிடைச்சிருக்கு."

கூடமே சிரித்தது. அதன் பிறகும் பதிவில் தவறு வராமல் இல்லை. ஒருமுறை எடை தவறாகப் போனது. பெயர் இருந்தது. கேட்டார்கள். "ஆமா, நான்தான், கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றாள் அந்தப் பெண். நான்கு திட்டு விழுந்தது, எடையைத் திருத்தினார்கள், அவள் மறுபடி லைனில் போய் நின்றாள். யாரும் கேட்டுக்கு வெளியே போகவில்லை.

ஒரு மதியம் நெட்டை மாடியேறி வந்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "உள்ள போனா என் பேருக்குக் கீழ பணியாளர், பேக்கிங்னு வருதே. அப்ப நாங்க கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட் ஆளா?" என்று கேட்டார்.

"டைரக்டரியில கம்பெனி ஆள்."

"சம்பளத்துல?"

"அது என் கிளை இல்லக்கா. அதைக் கேட்க வேற இடம் இருக்கு."

"எந்த இடம்?"

"தொழிலாளர் அலுவலகம்."

நெட்டை சிரிக்காமல் இறங்கிப் போனார். 2018 அக்டோபரில் நாற்பத்து மூன்று பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். தங்களை நிரந்தர ஊழியர்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று.

மனு வந்ததும் கம்பெனி தன் வக்கீலை வரவழைத்தது. வக்கீல் எல்லாவற்றையும் துருவிப் பார்த்தார். காண்ட்ராக்டரின் ரசீதுகள் சரியாக இருந்தன. வருகைப் பதிவு காண்ட்ராக்டரின் பெயரில் இருந்தது. டைரக்டரியைத் திறந்தபோதுதான் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கிளையக்காவைக் கீழே கூப்பிட்டார்கள். சிரிச்சமுகம் முகமெல்லாம் பூரிப்பாக இருந்தார்.

"வாங்க மேடம். ஒரு சின்ன வேலை. அந்த நாப்பத்து மூணு பேரையும் அங்கிருந்து எடுத்துடணும்."

"எடுத்து எங்க சார் வைக்கிறது?"

"கருவிகள்னு ஒண்ணு வச்சிருக்கீங்களே."

"அதுல தராசு இருக்கு. பிரிண்டர் இருக்கு."

"அங்கதான். பேரு வேண்டாம். P4-01, P4-02ன்னு போட்டா போதும். தணிக்கைக்காரங்களுக்குத் தனி லாகின்தானே வேணும்? அது இருக்கும். எந்த நம்பர் யாருன்னு ஒரு தாள்ல எழுதி நான் வச்சிக்கிறேன்."

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி, "கம்ப்யூட்டருக்குள்ள ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடம். இதுல யாருக்கு என்னம்மா நஷ்டம்?" என்றார்.

"அப்ப உங்க பேரையும் அங்கேயே வைக்கட்டுமா சார்? வக்கீல்-01."

வக்கீல் துடைப்பதை நிறுத்தினார். சிரிச்சமுகம் மட்டும் பழக்கதோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறதுக்கு ஒரு பதில் சொல்லுங்க சார்" என்றார் கிளையக்கா. "தப்பு நடந்தா யாருன்னு தெரியணும், பேரு வேணும்னு கேட்டது நீங்க. நான் போட்டேன். சம்பளம்னு பேச்சு வந்ததும் அந்தப் பேரு வேண்டாமா?"

"பாலிசி விஷயமெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? சொன்னதைச் செய்யுங்க."

"எழுத்துல கொடுங்க."

"எழுத்துல எதுக்கு?"

"நீங்க எழுதக் கூச்சப்படுற வேலையை என் கை எதுக்குச் செய்யணும்?"

"வேலை போயிடும்மா." மேடத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார், அவ்வளவு நிஜமான எச்சரிக்கை.

"போகட்டும் சார். ஆளை ஆள் இருக்கிற இடத்துல வச்சேன், அதுக்குப் போச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கிறேன். தராசை எடுத்துட்டு வாங்க, எங்க வேணும்னாலும் வைக்கிறேன். ஆளை அங்க வைக்க மாட்டேன்."

நவம்பர் 9ஆம் தேதி பணியிடை நீக்கம். விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். சர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கிளையக்கா தன் டம்ளரையும், குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சால்வையையும் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் கணவர் எல்லாவற்றையும் கேட்டார். சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார்.

"உன் பேரையா எடுக்கச் சொன்னாங்க? ஊரார் பேருதானே."

"ஏங்க, டிப்போவுல பிரேக் இல்லாத பஸ்ஸுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னா போடுவீங்களா? நீங்க ஒண்ணும் அதுல ஏறப் போறதில்லையே."

"பஸ் கவுந்தா ஆள் செத்துப் போவாங்க. இங்க யாரு சாகறா?"

"யாரும் சாகல. ஒருத்தி தூக்கை எடுத்துட்டு கேட்டுக்கு வெளியே போனா. அடுத்து நாப்பத்து மூணு பேர் போவாங்க. அப்பவும் ஒரு தாள்ல நம்பர்தான் இருக்கும்."

கணவர் கையைக் கழுவப் போனார். அங்கிருந்தே, "பாதிச் சம்பளத்துல எண்ணெய் குறைச்சு ஊத்து. எனக்கும் வயிறு குறையும்" என்றார். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்க்காரரைக் கொண்டு வந்தார்கள். அவர் கிளையக்காவுக்கே போன் செய்தார்.

"அக்கா, இந்தக் கிளையெல்லாம் நீங்க பிரிச்சதா? இவ்வளவு சுத்தமா நான் எங்கேயும் பாத்ததில்லை."

"சரி. இப்ப என்ன?"

"அந்த நாப்பத்து மூணு பேரை மாத்தச் சொல்றாங்க. நான் என்னக்கா பண்றது?"

"மாட்டேன்னு சொல்லலாம்."

"எனக்கு இவங்க மூலமா மூணு கம்பெனி வேலை ஓடுதுக்கா."

"அப்ப மாத்துங்க. ஆனா எனக்குப் போன் பண்ணிச் சுத்தமா இருக்குன்னு சொல்லாதீங்க."

மாற்றினார். மறுநாள் காலை கூடத்தில் நடந்ததைக் கை கழுவும் இடத்திலிருந்து நெட்டை போனில் சொன்னார். மூச்சு வாங்கியது. சிரிப்பா அழுகையா என்று கிளையக்காவுக்குப் பிடிபடவில்லை.

பெண்கள் வழக்கம்போல வந்து பெயரை அடித்திருக்கிறார்கள். பெயர் செல்லவில்லை. மேற்பார்வையாளர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நெட்டையின் சீட்டில் P4-07. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றித் தராசின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். அப்படியே ஆறு லைனிலும் நடந்தது. யாரும் வெளியே போகவில்லை, கோஷம் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றார்கள்.

"ஏன் நிக்கறீங்க? வேலையை ஆரம்பிங்க!" என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

"P4-07 இன்னும் வரலைங்க" என்றார் நெட்டை. "வந்ததும் செய்யச் சொல்றேன்."

"P4-07 நீதான்!"

"நானா? என் பேரு எனக்குத் தெரியுமே. அது யாரோ வேற. லீவு போல இருக்கு."

மதியத்துக்குள் சிரிச்சமுகம் வந்தார், போனார். அன்று முழுவதும் ஒரு பெட்டிகூட நகரவில்லை. வாசலில் சரக்கு ஏற்ற வந்த லாரி நின்றுகொண்டே இருந்தது. மறுநாள் காலை சின்ன முதலாளியே இறங்கி வந்தார். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியை எடுத்து நடத்துபவர். கூடத்துக்கு அவர் வருவதே அபூர்வம்.

"பேரு இருந்தா என்ன, நம்பர் இருந்தா என்ன? கை அதே கைதானே?" என்றார்.

"கை அதே கைதான் முதலாளி" என்றார் நெட்டை. "நாளைக்கு ஒரு தப்பு வந்தா எந்தக் கைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அந்தத் தாளு மனிதவளத்துல இருக்கும். அவர் எந்தப் பேரைப் படிக்கிறாரோ அவ வெளியே போகணும். அமைதி போன மாதிரி. எங்க பேரைப் போட்டுக் கொடுங்க, இந்த நிமிஷமே கை வைக்கிறோம்."

சின்ன முதலாளி லாரியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று பெயர்களும் பணியாளர் கிளைக்குத் திரும்பின. 'தற்காலிகமாக' என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

பெயர்கள் திரும்பின. கிளையக்கா திரும்பவில்லை. விசாரணை என்று இரண்டு முறை கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எடுத்த எடுப்பில் காபி கொடுத்தார்கள். "அனுமதி இல்லாமல் நானாகவே அந்தப் பெயர்களை அங்கே வைத்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பழைய சம்பளத்தோடு பழைய நாற்காலி என்றார்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் போதும், டைரக்டரியில் இருப்பது ஓர் ஊழியரின் பிழை என்று தொழிலாளர் அலுவலகத்தில் சொல்லி, மனுவை ஊதித் தள்ளிவிடலாம். கிளையக்கா காபியைக் குடித்தார். வரியை எழுதவில்லை.

பிப்ரவரி 4ஆம் தேதி ஒரு கடிதம் வந்தது. பணிச் சான்றிதழ். பதினைந்து வருடம் சிறப்பாகப் பணியாற்றி, தன் சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார் என்று இருந்தது. கூடவே கணக்கு முடித்த காசோலை.

காசோலையை எடுத்துக்கொண்டு சான்றிதழை மட்டும் அவர் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். "நான் விலகவில்லை. நீங்கள் நீக்கினீர்கள். என்ன காரணம் என்று எழுதி அனுப்புங்கள்" என்று ஒரு துண்டுத் தாள்.

கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "நல்ல சர்டிபிகேட்டைத் திருப்பி அனுப்பி, கெட்டதா ஒண்ணு கொடுன்னு கேக்கறவளை நான் இப்பதான் பாக்கறேன்."

"பொய்யை ஃபிரேம் போட்டு மாட்டச் சொல்றீங்களா?"

"வேற வேலைக்குப் போகும்போது உதவுமே."

"நான் விலகினேன்னு ஒத்துக்கிட்டா, யாரும் எதையும் மாத்தச் சொல்லலன்னு ஆயிடும். அப்புறம் அவங்க சொல்றதுதான் கதை."

ஒரு பல் மருத்துவமனையில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதிக்குச் சற்றுமேல். முதல் வாரத்திலேயே டாக்டர்களையும் நாற்காலிகளையும் தனித்தனிக் கிளையில் வைத்தார். பெரிய டாக்டர், "என் பேரு மேல வராதா?" என்று கேட்டாராம்.

மே மாதம் இரண்டாவது சான்றிதழ் வந்தது. இன்னும் நயமாக இருந்தது. 'மிகச் சிறப்பாக', 'நேர்மையுடன்', 'குடும்பச் சூழ்நிலை காரணமாக விலகினார்.' கணவர் அதை வாங்கிப் படித்தவர், இந்த முறை தானே உறையைத் தேடினார். "என்னை எதுக்கு உள்ள இழுக்கறானுங்க? குடும்பச் சூழ்நிலையாம். நானா உன்னை வேலைக்குப் போகாதேன்னேன்?" என்று முகவரியை அவரே எழுதினார். எழுத்து காகிதத்தில் பதிந்து மறுபக்கம் தெரிந்தது.

ஜூலையில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நீளமான அறை, சுழலும்போது முனகும் மின்விசிறி. அதிகாரிக்கு ஜலதோஷம். மேஜையில் ஒரு கட்டு கைக்குட்டை. பின்வரிசையில் நெட்டையும் எட்டுப் பெண்களும். கம்பெனி வக்கீல் எழுந்து நின்றார்.

"டைரக்டரியில் இருந்த பெயர்கள் ஓர் ஊழியரின் தனிப்பட்ட பிழை. நிர்வாகத்துக்குத் தெரியாது. அவர் தாமாகவே விலகிச் சென்றுவிட்டார்."

"அவங்களே வந்திருக்காங்களே" என்றார் நெட்டை, உட்கார்ந்தபடியே. உட்கார்ந்தாலும் அவர் தலை எல்லாருக்கும் மேல் தெரிந்தது.

அதிகாரி கிளையக்காவைக் கூப்பிட்டார். "நீங்க விலகினீங்களா?"

"இல்லைங்க. பேரையெல்லாம் எடுக்கச் சொன்னாங்க, மாட்டேன்னதுக்கு நீக்கிட்டாங்க. விலகல் கடிதம் நான் கொடுத்திருந்தா அவங்ககிட்ட இருக்கணும். காட்டச் சொல்லுங்க."

அதிகாரி வக்கீல் பக்கம் திரும்பினார்.

"வாய்மொழியாகத் தெரிவித்தார்" என்றார் வக்கீல்.

"அந்தப் பெண்கள் பேரை டைரக்டரியில வைக்கச் சொன்னது?" என்றார் அதிகாரி.

"அது... தணிக்கைக்காக வாய்மொழியாக..."

"எடுக்கச் சொன்னது?"

வக்கீல் தன் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

அதிகாரி மூக்கைச் சிந்தினார். "வைக்கச் சொன்னதும் வாய், எடுக்கச் சொன்னதும் வாய், விலகினதும் வாய். உங்க கம்பெனியில பேப்பரே வாங்கறதில்லையா? ஒண்ணு, இந்தம்மாவோட விலகல் கடிதத்தைக் கொண்டு வாங்க. இல்லைன்னா, ஏன் நீக்குனீங்கன்னு காரணத்தோட அவங்களுக்கு எழுதிக் கொடுத்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்க."

வெளியே படிக்கட்டில் சிரிச்சமுகம் கிளையக்காவை எதிர்கொண்டார். முதல்முறையாக அவர் சிரிக்கவில்லை.

"எதுக்கும்மா இந்தப் பிடிவாதம்? நல்ல பேரோட போயிருக்கலாம்."

"நல்ல பேரு எனக்கு எதுக்கு சார்? சரியான பேரு போதும்."

மூன்றாவது கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. நயமான சொற்கள் எதுவும் இல்லை. நெட்டை அதைக் கேள்விப்பட்டு வேலை முடிந்த கையோடு வந்துவிட்டார். நிலைப்படியில் குனிந்து நுழைந்தவர் உட்காரவே இல்லை.

"படிங்கக்கா. மெதுவா படிங்க."

கிளையக்கா படித்தார். உறையிடும் பிரிவில் பணிபுரியும் நாற்பத்து மூன்று பேரின் பெயர்களைப் பணியாளர் கிளையிலிருந்து அகற்றுமாறு நிர்வாகம் இட்ட உத்தரவை நிறைவேற்ற மறுத்த காரணத்தால் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்று இருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை, தொழிலாளர் அலுவலகத்துக்கு நகல்.

"உத்தரவு போட்டோம்னு அவங்களே எழுதிட்டாங்க. இனிமே தெரியாம நடந்த பிழைன்னு சொல்ல முடியாது" என்றார் நெட்டை.

"எழுதிட்டாங்க."

"உங்க வேலை?"

"போனதுதான். ஏன் போச்சுன்னும் எழுதிட்டாங்களே."

கணவர் கடிதத்தை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்து, முத்திரை முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். இந்த முறை யாரும் உறையைத் தேடவில்லை.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2019 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை.